"வளரவே மாட்டேங்குது டாக்டர்!" – ஓர் ஆமைக்கு எழுதிய வளர்ச்சி அட்டை

ஓபியில் அம்மாக்களிடம் நான் அதிகம் கேட்கும் வார்த்தை, "சரியாவே வளர மாட்டேங்குது டாக்டர்." போன வருடம் அதே வார்த்தையை ஓர் ஆமைக்காகக் கேட்டேன். ஆமை வளர்ப்பவர்கள் அவசியம் படியுங்கள். குழந்தை வளர்ப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

கீழப்பழுவூர் பக்கத்திலிருந்து பெரம்பலூருக்கு என்னிடம் வரும் குடும்பம். பையனுக்கு எட்டு வயது. அவனுடைய காய்ச்சலுக்கு மருந்து எழுதி முடித்ததும் அவன் அம்மா செல்போனில் ஒரு படம் காட்டினார். "இவன் மாமா சென்னையில வாங்கிக் குடுத்தது சார். ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் உள்ளங்கை அளவுதான் இருக்கு. ஓடும் மெத்துமெத்துன்னு இருக்கு."

பாட்டிக்கு வேறு கவலை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்களே, அது. அதிலும் இது வளராத ஆமை. கரைவெட்டி ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லி தினமும் நச்சரிப்பு. பையன் ஒரே அழுகை.

நான் மனுஷங்களுக்கு டாக்டர். ஆமைக்கு மருந்து எழுத மாட்டேன். ஆனால் வளராத குழந்தைக்குக் கேட்கும் கேள்விகளை ஆமைக்கும் கேட்கலாம் இல்லையா?

முதல் கேள்வி: இது எந்த ஆமை?

முதுகில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது நம்மூர் நட்சத்திர ஆமை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். வீட்டில் வளர்ப்பது குற்றம். அப்படி ஒன்று கையில் இருந்தால் வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். படத்தில் இருந்தது கோடே இல்லாத பழுப்பு நிற ஓடு. ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமை. இதை வளர்க்கலாம், ஆனால் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. மாமா அதைச் சரியாகவே செய்திருந்தார்.

இரண்டாவது கேள்வி: என்ன சாப்பிடுகிறது?

"பால் சாதம், தக்காளி, வெள்ளரி, பாலக் கீரை. சத்துக்கு முட்டையும் குடுக்கிறோம் சார்."

பாசத்தில் குறையே இல்லை. ஆனால் சல்கேட்டா, சஹாரா ஓரத்து வறண்ட புல்வெளியில் புல் மேயும் பிராணி. பாலை அதற்குச் செரிக்கத் தெரியாது. சோற்றில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். பாலக்கில் உள்ள ஆக்சலேட், இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முட்டையின் புரதம் சிறுநீரகத்துக்குச் சுமை.

மூன்றாவது கேள்வி: எங்கே இருக்கிறது?

"ஏசி ரூம்ல, கண்ணாடித் தொட்டியில. வெளியில விட்டா காக்கா கொத்திடும், நாய் தூக்கிடும்."

பாதி நோய் இங்கேதான் இருந்தது. வெயிலின் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். அது கல்லீரல், சிறுநீரகம் வழியாகச் செயல்படும் வடிவத்துக்கு மாறினால்தான் குடல் கால்சியத்தை உள்ளே இழுக்கும். மனுஷனுக்கும் ஆமைக்கும் ஒரே கணக்கு. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. டியூப் லைட்டில் அது கிடையாது. அரியலூர் மண்ணுக்கடியில் சிமெண்ட் ஆலைகளுக்கே சப்ளை செய்யும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. ஆனால் அதன் மேலேயே குடியிருந்தாலும் வெயில் படாத உடம்பில் கால்சியம் சேராது.

போதாக்குறைக்கு ஏசி. ஆமைக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது. உடம்பு குளிர்ந்தால் குடலும் மந்தமாகிவிடும், தின்றது செரிக்காது.

குழந்தைக்கு வந்தால் இதை ரிக்கெட்ஸ் என்போம். ஆமைக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தி குறைவு என்று உறுதியானது. மருந்தும் அளவும் அவர்கள் கொடுத்தார்கள். வீட்டில் மாற்றியவை இவை:

🐢 உணவு: முக்கால் பங்குக்கு மேல் புல். அருகம்புல், காய்ந்த புல், கூடவே கொஞ்சம் செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. வயல் வரப்பில் அறுக்கக் கூடாது. 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து நம்ம ஊர் மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்காத ஆள் குறைவு. வீட்டிலேயே தொட்டியில் புல் வளர்த்தார்கள்.

🐢 கால்சியம்: நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கிடைக்கும் கணவாய் ஓடு. தேவைப்படும்போது அதுவே கடித்துக்கொள்ளும்.

🐢 இடம்: கொல்லையில் மேலே கம்பிவலை போட்ட அடைப்பு. பாதி வெயில், பாதி நிழல். எங்கே போவது என்பதை ஆமை முடிவு செய்யட்டும். நிழல் இல்லாமல் நம்ம சித்திரை வெயிலில் விட்டால் செத்தே போய்விடும்.

🐢 தண்ணீர்: தாடை அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் தினமும் இருபது நிமிடம். பாலைவன ஆமைக்கு ஈரம் எதற்கு என்று கேட்பார்கள். சல்கேட்டா குஞ்சுகளை வைத்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஓடு கூம்பு கூம்பாகக் கோணுவதற்குப் புரதத்தை விடக் காற்றின் வறட்சியே பெரிய காரணம் என்று தெரிந்தது.

🐢 கை கழுவுதல்: இது என் ஏரியா. ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். குழந்தைகளுக்குப் பரவியதால் 1975-லேயே அமெரிக்கா நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. தொட்டால் சோப்பு போட்டுக் கழுவணும். ஆமைத் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

பாட்டியிடமும் பேசினேன். "இது தண்ணி ஆமை இல்ல பாட்டி, தரை ஆமை. நீச்சல் தெரியாது. ஏரியில விட்டா மூழ்கிடும்." கரைவெட்டி 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். வெளிநாட்டுப் பிராணியை அங்கே விடுவது சட்டப்படியும் தப்பு. பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அது பாவம்தான்" என்றார். இப்போது புல் அறுத்துப் போடுவது அவர்தான்.

பையனிடம் ஒரு வளர்ச்சி அட்டை கொடுத்தேன். ஞாயிறுதோறும் சமையலறைத் தராசு வேண்டாம், தனித் தராசில் எடை போட்டுப் புள்ளி வைக்கணும். ஆரம்பத்தில் 180 கிராம். முதல் இரண்டு மாதம் கோடு அசையவே இல்லை. அம்மா பயந்துபோய் போன் செய்தார். ஓடு உறுதியாகிறதா, சாப்பிடுகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றேன். எட்டாவது மாதம் 290. ஓட்டின் தட்டுகளுக்கு நடுவே புது வளர்ச்சி வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. வேகமாக வளர்க்க ஆசைப்பட வேண்டாம். மெதுவாக, சமமாக வளர்வதுதான் ஆமைக்கு ஆரோக்கியம்.

கடைசியாக, வாங்கும் முன் யோசிக்க வேண்டியது. சல்கேட்டா நாற்பது கிலோவைத் தாண்டும். ஐம்பது வருடத்துக்கு மேல் வாழும். எட்டு வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தால், அவன் பேரப்பிள்ளை வரை பார்த்துக்கொள்ள வேண்டிய உயிர். இடமும் ஆளும் இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்கியாச்சு என்றால், வளரவில்லையே என்று மருந்துக் கடைக்கு ஓடும் முன் அதன் தட்டையும் அது இருக்கும் இடத்தையும் பாருங்கள். பிறகு நல்ல கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.