மரண அறிவித்தலில் எழுதாமல் விட்ட காரணம்

பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து நான் எழுதிக் கொடுத்த மரண அறிவித்தல்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒன்று என் தங்கையினுடையது. 1982 ஆவணியில், செத்தவீட்டுத் திண்ணையில் இருந்து அதை எழுதி, தபாற் கந்தோருக்குப் போய்த் தொலைபேசியில் கொழும்புக் காரியாலயத்துக்கு வாசித்தேன். “அகால மரணமடைந்தார்” என்று மட்டுமே அதில் இருந்தது. காரணம் இல்லை. ஊரார் “பிரசவச் சன்னி” என்றார்கள். அதற்கு மேல் எவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2018 இல், அந்தக் கேள்வி ரொறன்ரோவிலிருந்து வந்தது. தங்கை விட்டுச்சென்ற மகள் அப்போது முதன்முறையாகக் கர்ப்பமுற்றிருந்தாள். பன்னிரண்டாவது வாரம்.

“மாமா, அம்மா என்னத்தாலை செத்தவ? டொக்டர் கேட்கிறா. சின்னம்மாவைக் கேட்டால் அழுகிறாவே ஒழியச் சொல்லுறா இல்லை.”

சின்னம்மா அழுததன் காரணம் எனக்குத் தெரியும். அந்த ஆடி மாதம் அவளுடைய கலியாண அலுவல்கள். வீடு நிறையச் சனம். எட்டாம் மாதத்தை எட்டிக்கொண்டிருந்த அக்கா அந்த மாதம் கிளினிக்குக்குப் போகவில்லை.

நான் சொல்லாமல் வைத்திருந்ததும் ஒன்று உண்டு. கலியாணத்துக்கு லீவில் வந்த என்னிடம் தங்கை, “அண்ணை, தலை வெடிக்கிற மாதிரி இடிக்குது, கண்ணுக்கு முன்னாலை மின்மினி பறக்குது” என்றாள். முகம் ஊதியிருந்தது. காப்பு கையில் இறுகிப் போயிருந்தது. “பிள்ளைத்தாச்சிக்கு வீங்கிறது வழமைதானே” என்றார் அம்மா. நான் இரண்டு பனடோலைக் கொடுத்துவிட்டு அன்றிரவு தபால் ரயில் ஏறினேன். நாலாம் நாள் தந்தி வந்தது. வலிப்புக் கண்டு, கார் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், பிள்ளையைச் சத்திரசிகிச்சை மூலம் எடுத்தார்கள். மறுநாள் விடியுமுன் அவள் போய்விட்டாள்.

இவையனைத்தையும் மருமகளிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இதைத்தான் டொக்டர் கேட்டவ” என்றாள்.

அந்த வாரம் இந்த நோயைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தேன். கர்ப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 ஐ எட்டி, அதனுடன் சிறுநீரில் புரதம் காணப்பட்டாலோ, ஈரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ அதனை முன்சூல்வலிப்பு என்கிறார்கள். தாய்க்கோ சகோதரிக்கோ இது வந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு வரும் சாத்தியம் கூடுகிறது. முற்றினால் வலிப்பு. வலிப்புக்கு மருத்துவர் வைத்த பெயரான ‘எக்லாம்சியா’, திடீரென மின்னும் ஒளி என்னும் பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மின்மினி என்றாளே என்று நினைத்துக்கொண்டேன்.

1999 இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த கிறிஸ் ரெட்மனும் சகாக்களும் எழுதிய கட்டுரை ஒன்று என்னை நிறுத்தி வைத்தது. கர்ப்பம் என்பதே ஓரளவு அழற்சி நிலைதான்; தாயின் நோய் எதிர்ப்புத் தொகுதி எப்போதும் விழிப்பாகவே இருக்கிறது; அந்த விழிப்பு எல்லை மீறும்போதே இந்நோய் தோன்றுகிறது என்பது அவர்களின் கருத்து. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கருப்பை நாடிகள் போதிய அளவு விரியாதபோது, அது திணறித் தன் சிதைவுகளைத் தாயின் இரத்தத்தில் கலக்க விடுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்படுகிறது. அழுத்தம் ஏறுகிறது.

இத்தகைய தாய்மாரின் இரத்தத்தில் இன்டர்லூகின்-6, சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சிக் குறிகாட்டிகள் பல வேளைகளில் உயர்ந்திருக்கும். ஆனால் அவை காய்ச்சலிலும் உடற்பருமனிலும்கூட உயர்பவை. புகையைக் காட்டும், எந்த வீட்டில் நெருப்பு என்று காட்டா. ஆகவே அவற்றை மட்டும் வைத்து எவரும் நோயைத் தீர்மானிப்பதில்லை. நஞ்சுக்கொடியிலிருந்து மிகையாகச் சுரக்கும் ஒரு புரதத்தை 2003 இல் பொஸ்டனில் அனந்த் கருமாஞ்சி என்னும் இந்தியாவில் பிறந்த சிறுநீரக மருத்துவரின் குழு இனங்கண்டது. அந்த வழியில் வந்த இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா 2023 இல் அனுமதி வழங்கியது.

மருந்துகளோ மிக எளியவை. அபாயம் கூடிய தாய்மார் 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் அஸ்பிரின் எடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் முன்சூல்வலிப்பு 62 வீதம் குறைந்ததை 2017 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மருத்துவர் சொல்லாமல் எவரும் தாமாக இதை எடுக்கலாகாது. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேற்று, அந்த அபாயத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதை 33 நாடுகளில் பத்தாயிரம் தாய்மாரிடம் நடத்திய ஆய்வு 2002 இல் உறுதிசெய்தது. அது புதிய மருந்தல்ல. தங்கை பிறக்கு முன்பே பாவனையில் இருந்தது. அதற்கு அவளை நேரத்தோடு கொண்டுபோயிருக்க வேண்டும். அவள் சொன்னதை ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

மருமகளுக்கு அந்த வாரமே அஸ்பிரின் தொடங்கினார்கள். வீட்டிலேயே அழுத்தம் அளந்தாள். 36 ஆவது வாரத்தில் அது ஏறியது. 37 இல் பிள்ளையை எடுத்தார்கள். இருவரும் சுகம். இந்நோய் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் சாத்தியம் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், அவள் இன்றும் ஆண்டுதோறும் மருத்துவரிடம் போகிறாள்.

நம் குடும்பங்களில் பிரசவத்தில் போனவர்களைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்பார்கள். வாசகர்களில் யாருடைய வீட்டிலாவது அப்படி ஒருவர் இருந்தால், பெண் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவர் கேட்கும்போது அவர்களிடம் பதில் இருக்க வேண்டும். பிள்ளை பிறந்த செய்தி வந்த அன்று சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். அந்த இரண்டு பனடோல் கதையை அவளுக்கும் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். “எனக்குத் தெரியும் அண்ணை. அக்கா சொன்னவ” என்றாள்.