திருமயத்தில் ஒரு வள்ளம்

திருமயத்தில் கடல் இல்லை. பாறைக் குன்றின்மீது சேதுபதி மன்னர் 1687-ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டையும், அதன் அடிவாரத்துக் குடைவரைக் கோயில்களும், வானம் பார்த்த வயல்களும், மழை பெய்தால் நிரம்பும் கண்மாய்களுமே இப்பகுதியின் அடையாளம். இவ்வூரில் 1887-இல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைச் சென்னைக்கு நீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் தாங்கி நிற்பதை நினைக்கும்போது நமக்குச் சற்றுச் சிரிப்பு வருவதுண்டு.

இத்தகைய ஊரில், பங்கு இல்லத்தின் பின்புறம், வேப்பமரத்தடியில், செங்கல் அடுக்குகளின்மேல் ஒரு வள்ளம் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கவிழ்ந்து கிடந்தது. மறைக்கல்வி வகுப்புக்கு வரும் சிறுவர்கள் அதைத் தட்டிப் பார்த்து, “சாமி, இத எந்தக் கண்மாயில விடப் போறீங்க?” என்று கேட்பார்கள். நாம் சிரித்து மழுப்பிவிடுவோம். அவர்களுக்குச் சொல்லாத விடையை வாசக அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று இப்போது துணிந்தோம்.

நாம் பிறந்தது குமரி மாவட்டத்துக் கடற்கரையில். அந்த வள்ளம் நம் அண்ணனுடையது. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் அக்கடலைச் சூறையாடியபோது அண்ணன் இந்த வள்ளத்தில் இல்லை. ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகு ஒன்றில் பங்குக்குப் போயிருந்தார். அவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எத்தனையோ பேருக்கு அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய நாம், பெட்டி இல்லாத பீடத்தின் முன் நின்று அண்ணனுக்காகச் செபித்தோம். கரையில் அவர் விட்டுச் சென்ற சிறு வள்ளம் தென்னை நிழலில் வெயிலும் மழையும் தின்னக் கிடந்தது. அண்ணி அதை விறகுக்குக் கேட்டவரிடம் கொடுத்துவிட எண்ணினார். வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகில் வேலை செய்துகொண்டிருந்த மகனோ, “சித்தப்பா, ரெண்டு வருசத்துல வந்துருவேன், அதுவரைக்கும் வச்சிருங்க” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டான். வைத்திருப்பதோடு பழுதும் பார்த்துத் தருகிறோம் என்று வாக்களித்தோம். வாக்களிப்பது எளிது! 2022-இல் உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரம், அது ஒரு சரக்கு வண்டியில் ஓர் இரவு முழுதும் பயணம் செய்து திருமயம் வந்து சேர்ந்தது.

இந்த வகை வள்ளத்துக்கு நம் திருச்சபையோடு ஓர் உறவு உண்டு. கட்டுமரத்துக்கு ஏற்ற கனமற்ற மரங்கள் கிடைப்பது அரிதாகிவந்த காலத்தில், முட்டம் கடற்கரையில் இருந்த படகு கட்டும் மையத்தில் பிளைவுட் பலகையால் சிறு வள்ளங்களை உருவாக்கினார்கள். அதில் முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர் பெல்ஜியம் நாட்டவரான பியேர் ஜிலே. பலகைகளை அளவாக அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைத்து, மூட்டுகளில் பிசினும் கண்ணாடி இழையும் வைத்து இறுக்கும் முறை அது. அந்த அனுபவத்தை ஜிலே 1985-இல் நூலாக்கியபோது, ‘சிறியதே கடினம்’ எனப் பொருள்படும் தலைப்பையே அதற்கு இட்டார். ‘சிறியதே அழகு’ என்று சூமாக்கர் 1973-இல் எழுதியதற்கு இப்படி ஒரு மறுமொழி! அத்தலைப்பின் பொருள் நமக்குத் திருமயத்தில்தான் விளங்கிற்று.

கடலையே அதிகம் கண்டிராத ஆசாரியார் ஒருவர் உதவிக்கு வந்தார். செட்டிநாட்டு வீடுகளின் பழைய தேக்குக் கதவுகளைச் சீர்செய்வது அவர் தொழில். கொட்டாப்புளியின் பிடியால் பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடம் கணீரென்றது; இற்ற இடம் பொத்தென்றது. பிளைவுட்டின் ஓரத்திலோ திருகாணித் துளையிலோ நீர் புகுந்துவிட்டால், மேலே வண்ணம் மின்ன, உள்ளே அடுக்கடுக்காக இற்றுப்போகும். ஒரு முழம் என்று நாம் எண்ணிய சேதம், சுரண்டச் சுரண்ட நான்கு முழமாயிற்று. முதல் மாதம் ஆர்வத்தோடு உழைத்தோம். மாத முடிவில் பார்த்தால், வந்தபோது இருந்ததைவிட வள்ளம் அலங்கோலமாகக் கிடந்தது.

நெகேமியா ஆகமம் அறிந்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. எருசலேமின் மதில் ஐம்பத்திரண்டு நாளில் முடிந்தது என்பதையே நாம் மறையுரையில் சொல்வோம். மதில் பாதி உயரம் எழுந்த வேளையில், சுமப்போர் தளர்ந்து, இடிபாடுகள் மலைபோல் கிடக்கின்றனவே என்று முறையிட்டதை விரைந்து கடந்துவிடுவோம். நாமும் அப்படிக் கடந்தவர்தாம்.

மழைக்காலம் தொடங்கியது. ஈரப்பலகையில் பிசின் பிடிக்காது என்று வேலையை நிறுத்தினோம். அது உண்மையே. மழை போய் வெயில் வந்தது. உச்சிவெயிலில் பிசினைக் கலக்கினால் பூசுமுன் கிண்ணத்திலேயே சூடேறிக் கெட்டியாகிவிடும் என்று நிறுத்தினோம். அதுவும் உண்மையே, ஆனால் அதிகாலை என்று ஒன்று இருந்தது. பிறகு பங்குத் திருவிழா, அதன்பின் முதல் திருவிருந்து வகுப்பு. இவ்வாறு பதினான்கு மாதங்கள் கழிந்தன. குருமடத்தில் படித்த எவாகிரியுஸ் நினைவுக்கு வந்தார். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த அத்துறவி, நண்பகலில் துறவியின் அறைக்குள் நுழையும் சோர்வென்னும் பேயை விவரிக்கிறார். அது வந்தால் சூரியன் நகராததுபோல் தோன்றும். துறவி அடிக்கடி சாளரத்தை நோக்குவார். வேறிடம் சென்றால் நன்றாக உழைக்கலாம் என்று எண்ணுவார். நம் நோய் இதுவே என்று முடிவு செய்து, அதற்காகச் செபமும் செய்தோம். படித்தவனுக்கு நோயின் பெயர் தெரிந்துவிட்டால் பாதி குணமானதுபோல் ஒரு மயக்கம்!

ஒருநாள் ஆசாரியார் வள்ளத்தருகே குந்தியிருந்து, “சாமி, அந்த ஒரு பலகைய மட்டும் ஏன் கடைசில பாக்கலாம், கடைசில பாக்கலாம்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க?” என்று கேட்டார்.

நாம் விடை கூறவில்லை. இயந்திரம் மாட்டும் இடத்தை ஒட்டிய பலகை அது. அதன் உட்புறத்தில் அண்ணன் தம் மூன்று பிள்ளைகளின் திருமுழுக்கு நாள்களை நீல வண்ணத்தில், கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். தட்டிய முதல் நாளே அது பொத்தென்று ஒலித்ததை நாம் இருவரும் கேட்டிருந்தோம்.

“வெயிலு மழையெல்லாம் சும்மா சாமி. இது முடிஞ்சா வண்டியேறிப் போயிரும்ல” என்றார் அவர்.

இறையியல் கற்ற நமக்குப் பதினான்கு மாதங்களில் புலப்படாதது கதவு வேலைக்காரருக்குப் புலப்பட்டிருந்தது. அது சோம்பலன்று. அடக்கம் செய்ய உடல் கிடைக்காத அண்ணனை நாம் வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் அப்பலகையை அறுத்தோம். ரம்பத்தை ஆசாரியார் நம் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையை மட்டும் பிடித்துக்கொண்டார். எழுத்துள்ள பகுதியை இயன்றவரை முழுதாக எடுத்தும், ஓரம் பொடியாய் உதிர்ந்து ஒரு தேதி போய்விட்டது. அன்று வேறு எதுவும் செய்யவில்லை.

அதன்பின் திங்கட்கிழமைதோறும், காலைத் திருப்பலிக்குப் பின், ஒரு மணி நேரம். அதற்குமேல் ஆசை இருந்தாலும் நிறுத்திவிடுவது என்று இருவரும் உடன்பட்டோம். மற்றொரு பழக்கத்தை அவர் கற்பித்தார்: எழுந்து போகுமுன் அடுத்த வாரம் அறுக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிடுவது. வந்தவுடன் எங்கே தொடங்குவது என்று திகைக்க வேண்டியதில்லை, கோடு காத்திருக்கும். மறையுரைக் குறிப்பு எழுதுவதிலும் இப்பழக்கத்தைக் கையாள்கிறோம். பழைய பலகையும் புதிய பலகையும் சேருமிடத்தில், கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டினோம். பிறகு கண்ணாடி இழை, அதன்மேல் பிசின், உள்ளும் புறமும். நோவாவுக்குக் கீல் பூசச் சொன்ன கட்டளையும் உள்ளும் புறமும் என்றே இருக்கிறது.

2024 ஆகஸ்டில் பையன் வந்தான். வள்ளத்தை நால்வர் சேர்ந்து நிமிர்த்தினோம். அவன் அணியத்தைப் பார்க்கவில்லை, வண்ணத்தைப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் குனிந்து, உட்புறத்தைக் கையால் தடவினான். புதுப்பலகை வெறுமையாக இருந்தது. நாம் அறைக்குள் சென்று, துணியில் சுற்றி வைத்திருந்த பழைய துண்டைக் கொண்டுவந்து கொடுத்தோம். ஒரு தேதி உதிர்ந்துவிட்டது என்று சொல்லும்போது நம் குரல் நமக்கே கேட்கவில்லை.

அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, “போனது என்னோடதுதான் சித்தப்பா. பரவாயில்ல, அம்மாவுக்குத் தெரியும்” என்றான்.

மாலையில் சரக்கு வண்டி வந்தது. சிறுவர்கள் கோட்டை வரையிலும் அதன் பின்னால் ஓடினார்கள். செங்கல் அடுக்குகள் இன்னும் வேப்பமரத்தடியில்தான் இருக்கின்றன.