தாம்பரம் போகும் வழியில்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ம் வருஷத்தில். அந்த வண்டியில் ஜன்னலோரத்துக்கு ஜனங்கள் முண்டியடிப்பது காற்றுக்காகத்தான் என்று நான் எண்ணியிருந்தேன். சென்ற வாரம் பரங்கிமலை கண்ணில் பட்டதும் என் எண்ணம் வேறு திக்கில் ஓடிற்று.

மலையுச்சியில் தோமையார் கோவில் இருப்பதை எல்லோரும் அறிவார்கள். அதே பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் கலாசாலை ஒன்றும் 1963 முதல் நடந்து வருகிறது. அதன் அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் பரமேசுவரன் பெயர். 1987 நவம்பரில் இலங்கையில் உயிர் நீத்து, பரமவீர சக்கரம் பெற்றவர், இங்கே பயின்றவர். அதே கலாசாலையில் பயின்று 2006 மார்ச்சில் ராஜபுத்திரப் படைப்பிரிவில் சேர்ந்தார் முகுந்த் வரதராஜன். அவர் தாம்பரத்துப் பிள்ளை.

தாம்பரத்தில் இறங்கிக் கிழக்கே போனால் கிறிஸ்தவக் கல்லூரி. 1937-ல் ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு இந்த வனத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் உள்ளே புள்ளிமான் திரிகிறது. இங்கேதான் முகுந்த் பத்திரிகைக் கலை பயின்றார். எங்களைப் போல் பேனாவைக் கொண்டு காலட்சேபம் செய்திருக்கலாம். செய்யவில்லை.

2014 ஏப்ரல் 25. காஷ்மீரத்தில் ஷோபியான் ஜில்லா, ஆப்பிளுக்குப் பெயர்போன சீமை. காஜிபத்ரி என்ற கிராமத்தில் தீவிரவாதிகள் ஒரு வீட்டில் பதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. 44-வது ராஷ்டிரிய ரைபிள்ஸ் வீரர்களை நடத்திக்கொண்டு முகுந்த் சென்றார். அல்தாப் வானி என்னும் தலைவன் உள்பட மூவர் மாண்டனர். குண்டடி பட்டிருந்த மேஜர் வெளியே வந்து சாய்ந்தார். வயது 31.

பெஸன்ட் நகரில் இராணுவ மரியாதையுடன் தகனம் நடந்தது. 2015 குடியரசு தினத்தன்று அவர் மனைவி இந்து, ஜனாதிபதியின் கையிலிருந்து அசோக சக்கரத்தைப் பெற்றுக்கொண்டார். யுத்தம் பிரகடனமாகாத காலத்தில் காட்டும் வீரத்துக்கு நம் தேசம் அளிக்கும் தலையாய விருது அதுதான். யுத்தமில்லாத காலமாம்! அந்த வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா?

2024 தீபாவளிக்கு 'அமரன்' படம் வெளிவந்த பிறகு முகுந்தின் பெயரைக் குழந்தைகளும் அறிவார்கள். சந்தோஷமே. ஆனால் அதே சண்டையில் அவருடன் உயிர் துறந்த சிப்பாய் விக்ரம் சிங்கின் பெயரை அன்று ரயிலில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். மூவர் விழித்தார்கள். நாலாமவர் ஒரு கல்லூரி மாணவி. சற்று யோசித்து, "அவரோடு கூடப் போனவர்தானே?" என்றாள்.

வண்டி பரங்கிமலையைத் தாண்டும்போது இருட்டிவிட்டது.