சமாசனம் கேட்டவர்களின் மனுக்கள்

கிளிநொச்சியில் நான் படித்த பாடசாலையில் ஒரே வாங்கில் எல்லாரும் நெருக்கியடித்து இருந்தோம். அது இயல்பான ஒன்றென்றே நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த அம்மம்மாவோ, சிறுவயதில் சாதியின் பெயரால் நிலத்தில் இருத்தப்பட்டுப் படித்தவர். சிலேற்றை மடியில் வைத்து எழுதினாராம். திருத்துவதற்கு வாத்தியார் அதைக் கையால் தொடமாட்டாராம். அவரை நிலத்திலிருந்து வாங்குக்கு ஏற்றியது யார் என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தது 1929. அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருக்கவேண்டும் என்று கட்டளை வந்தது. சமாசனம் என்றார்கள். 1930இல் அதை மீளப்பெறச் சொல்லி அரசாங்கத்துக்கு மனுக்கள் போயின. ஏற்றுக்கொண்ட பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. கட்டளை மட்டும் போதவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்கப் பேருந்தில் ஏற்றியனுப்ப 1974இல் பொஸ்ரன் நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவை ஆதரித்த செனற்றர் எட்வேர்ட் கென்னடி அதை எதிர்த்த பெற்றோர் கூட்டத்தில் பேசப்போனபோது அவரைத் துரத்தியடித்தார்கள். வாக்காளர் எதைக் கேட்டாலும் ஏந்திச் செல்வதா, நியாயத்தின் பக்கம் நிற்பதா என்பது எந்தப் பிரதிநிதிக்கும் வரும் சோதனை.

எங்கள் வன்னிப் பிரதிநிதி எந்தப் பக்கம் நின்றார்? 1947இல் வவுனியாவிலிருந்து பாராளுமன்றம் போனவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர். மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் 1948இல் அமைச்சர் பதவியையே விட்டெறிந்தவர். ஆனால் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய வந்தபோது மறித்து நின்றவரும் அவரே. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவருக்கெதிராக வந்த வழக்கில் அவரது மேன்முறையீடு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய்த் தோற்றது. குடியுரிமைக்காகப் பதவி துறந்தவருக்குக் கோயில் வாசலில் அந்த நியாயம் தெரியவில்லை. இதை வாசித்தபோது மனம் கனத்தது.

தேடலின் விடை வேறிடத்தில் இருந்தது. 1940களில் எழுந்த, ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை ஊர் ஊராகக் குறைகளைத் திரட்டி மனுவாக்கியது. சேர்க்க மறுத்த பாடசாலைகளைப் பற்றி முறையிட்டது. தங்கள் கிராமங்களுக்கு அரசாங்கப் பாடசாலைகள் கேட்டது. அதன் தலைவர்களில் ஒருவரான எம்.சி. சுப்பிரமணியம் 1970இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். மனு எழுதிய கை மனு வாங்கும் கையானது. 1945இன் இலவசக் கல்வியும் 1960இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றதும் கதவைத் திறந்தன. திறந்த கதவுக்குள் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர்கள், கையெழுத்துப் போடவே அஞ்சவேண்டிய ஊர்களில் பெயர் எழுதிக் கையொப்பமிட்ட பெற்றோர். அம்மம்மாவை வாங்கில் ஏற்றியவர்கள் அவர்களே என்பது என் முடிவு.

2009 வரையான போரில் வன்னி மக்கள் மாறி மாறி இடம்பெயர்ந்தார்கள். எத்தனையோ வீடுகளின் கடதாசிகள் பதுங்குகுழிகளிலும் தெருக்களிலும் போயின. எஞ்சியவை கொஞ்சமே. உங்கள் வீட்டு றங்குப்பெட்டியில் பழைய மனு, பாராளுமன்ற உறுப்பினரின் பதில் கடிதம், பாடசாலை அனுமதிக் கடிதம் எது கிடந்தாலும் எறிந்துவிடாதீர்கள். நூலக நிறுவனம் போன்ற ஆவணக்காப்பகங்களுக்குப் பிரதியெடுக்கக் கொடுங்கள். இந்த உரிமை இரந்து பெற்றதல்ல, எழுதிக் கேட்டுப் பெற்றது என்பதற்கு அவைதான் சாட்சி.