ஆல்ஃபின் எட்டு வயிறு

1986 முதல் 1990 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்த ‘ஆல்ஃப்’ காமெடித் தொடரின் நாயகன், மெல்மாக் கிரகத்துவாசி. டானர் குடும்பத்தின் கராஜில் வந்து விழுகிறான். எட்டு வயிறு, கண்ணெல்லாம் வீட்டுப் பூனை ‘லக்கி’ மேலேதான்.

எட்டு வயிறு இருந்தென்ன, செரிக்க வேண்டுமே!

பூமியின் உயிர்கள் புரதத்தைக் கட்டுவது இடக்கை வகை அமினோ அமிலங்களால். வேறொரு கிரகத்தில் தனியாகத் தோன்றிய உயிர், அவற்றின் கண்ணாடிப் பிம்பமான வலக்கை வகையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அதன் நொதிகளுக்குப் பூனைக்கறியும் மரத்தூளும் ஒன்றுதான்.

மூச்சும் சிக்கல்தான். பூமியின் காற்றிலேயே ஆக்சிஜன் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதுவும் சயனோபாக்டீரியாவின் தயவில். மெல்மாக்கிலும் அதே கதை நடந்தது என்றால் கொஞ்சம் ஓவர்.

அதற்காக, ஆல்ஃப் மெல்மாக் காற்று அடைத்த சிலிண்டரோடு சோபாவில் சாய்ந்திருந்தால் யார் சிரிப்பார்கள்? அறிவியலில் ஆல்ஃபுக்கு முட்டை மார்க்தான். தொடர் என்னவோ நான்கு சீசன் ஓடியது.