சனிக்கிழமை செக்கு நின்ற கதை!

சாத்தாங்காடு போயிருக்கீங்களா? வடசென்னைப் பசங்கன்னா, ‘அட, நம்ம இரும்பு மார்க்கெட்!’னு காலரைத் தூக்கி விட்டுக்குவீங்க. மத்தவங்களுக்கு ஒரு குட்டி அறிமுகம். திருவொற்றியூரை ஒட்டி இருக்கிற ஏரியா. ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க, அங்கே இருந்த இரும்பு வியாபாரத்தை நகர்த்தணும்னு சி.எம்.டி.ஏ. உருவாக்கின சந்தை இங்கேதான் இருக்கு. தகடு, ஆங்கிள், சேனல், கம்பி... திரும்பின பக்கமெல்லாம் இரும்பு!

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே நின்னு பாருங்க. ட்ரெய்லர் வரிசை நகராது. எடைமேடையில் யாரோ யாரையோ திட்டிக்கிட்டு இருப்பாங்க. லோடுமேன் ஒருத்தர் டீயை ஒரே மடக்கில் காலி பண்ணிட்டு ஓடுவார். எங்க அப்பாவுக்கு அங்கே ஒரு எடைமேடையில்தான் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் அடிச்சாலும் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். நான் மட்டும் என்ன ஒழுங்கா? சோறு பிசையும்போதும் இடது கையில் போன். ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தோம். பேசிக்கிட்டது, ‘வண்டிச் சாவி எங்கே?’ அளவுக்குத்தான்.

இந்த லட்சணத்தில் இருந்த எனக்குப் பாடம் எடுத்தது, சென்னையின் யூதர்கள். ‘என்னது, நம்ம ஊர்ல யூதர்களா?’ன்னு கேட்கிறீங்களா? கிளம்புங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

முதல் ஸ்டாப்: மண்ணடி

திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினா, மண்ணடியில் இறங்கலாம். நேரா பவழக்காரத் தெருவுக்கு நடங்க. இன்னிக்கு அங்கே பவழத்தைத் தேடினா கிடைக்காது. ஆனா, அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு பெரிய கடல் பயணம் இருக்கு.

1492-ல் ஸ்பெயின் தன் நாட்டு யூதர்களை வெளியே துரத்துச்சு. 1497-ல் போர்ச்சுகல் அவங்களைக் கட்டாயமா மதம் மாத்துச்சு. அங்கிருந்து தப்பிச் சிதறினவங்களோட வாரிசுகள் ஆம்ஸ்டர்டாம், லண்டன்னு குடியேறினாங்க. அதில் சிலர் 17-ம் நூற்றாண்டில் மதராஸுக்குக் கப்பல் ஏறினாங்க. மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டு வந்து இறக்கினாங்க. கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பினாங்க.

1688-ல் மதராஸ் மாநகராட்சி ஆரம்பிச்சப்போ மொத்தம் 12 ஆல்டர்மேன்கள். அதில் மூணு பேர் யூத வணிகர்கள்! பர்த்தலோமியோ ரோட்ரிக்ஸ், டொமிங்கோ டி போர்ட்டோ, அல்வாரோ டா ஃபொன்சேகா. நம்ம ரிப்பன் பில்டிங்குக்கு இப்படி ஒரு பூர்வ கதை இருக்குங்கிறது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொருத்தர், ஜாக் டி பைவா. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வைரம் வாங்க வந்தவர், 1687-ல் இங்கேயே இறந்து போனார். பக்கத்துப் பெத்துநாயக்கன்பேட்டையில் இருந்த யூதர் கல்லறையில்தான் அவரை அடக்கம் பண்ணினாங்க.

இரண்டாவது ஸ்டாப்: காசிமேடு

அந்தக் கல்லறை இப்போ அங்கே இல்லை. இடம் வேற தேவைக்குப் போக, மிஞ்சின கற்களை 1979-ல் காசிமேட்டுக்குக் கொண்டு வந்தாங்க. ஷேர் ஆட்டோ பிடிச்சு வந்து பாருங்க... இங்கேயும் கற்களைக் காணோம். துறைமுக விரிவாக்கம் வந்ததும், 1983-ல் மறுபடி மூட்டை கட்டிட்டாங்க. செத்த பிறகும் திரும்பத் திரும்ப வீடு மாத்தினவங்க!

சிரிக்கத் தோணுது இல்லே? கொஞ்சம் இருங்க. இந்தத் துறைமுகச் சுவர் தெற்கேயிருந்து வர்ற மணலைத் தடுக்கிறதாலதான் மெரினா அகலமாச்சு. அதே காரணத்தால்தான் ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்னுது. அரிப்புக்கும் ரோடு விரிவாக்கத்துக்கும் வீட்டைக் கொடுத்துட்டு இடம் மாறின குடும்பங்கள் இந்தக் கரை முழுக்க இருக்கு. உங்க கிளாஸ்லயே ஒருத்தர் இருக்கலாம்.

அப்போ கேள்வி இதுதான். இடம் கையை விட்டுப் போச்சுன்னா, எதைப் பிடிச்சுக்கிட்டு ‘இது நான்’னு சொல்றது?

அங்கேயே ஒரு டீ சொல்லுங்க. பதிலுக்கு ஒரு கதை இருக்கு.

மகாராஷ்டிராவில் கொங்கண் கடலோரம் பெனே இஸ்ரேல்னு ஒரு யூத சமூகம். கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கினவங்களோட வாரிசுகள்னு தங்களைச் சொல்லிக்குவாங்க. காலப்போக்கில் ஹீப்ரு மொழி கிட்டத்தட்ட மறந்தே போச்சு. பேசினது மராத்தி, தொழில் செக்காட்டி எண்ணெய் எடுக்கிறது. ஆனா, ஒண்ணை மட்டும் விடலை. சனிக்கிழமை செக்கு ஓடாது! ஊர்க்காரங்க அவங்களுக்கு வெச்ச பேரே ‘ஷனிவார் தேலி’. அதாவது, சனிக்கிழமை செக்கார். ஒரு சமூகத்தோட அடையாள அட்டையே ஒரு லீவு நாள்னா பார்த்துக்குங்க.

அந்த நாளுக்குப் பேர் ஷபாத். ஹீப்ருவில் ‘நிறுத்து’ங்கிற சொல்லோட வேர். வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுக்கு முன்னாடி வீட்டில் மெழுகுவத்தி ஏத்துவாங்க. சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும், சுமார் 25 மணி நேரம், வேலைக்குத் தடா. தீ மூட்டுறது, எழுதுறது, கட்டுறதுன்னு 39 வகை வேலைகளைப் பட்டியலே போட்டிருக்காங்க. முறையா கடைப்பிடிக்கிறவங்க வீட்டில் இன்னிக்கும் அந்த நேரம் போன் கிடையாது. வெள்ளி ராத்திரி குடும்பமா உட்கார்ந்து சாப்பாடு. அதுக்கு முன்னாடி, பெத்தவங்க பிள்ளைங்க தலையில் கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணுவாங்க.

ஆபிரகாம் யோசுவா ஹெஷல்னு ஒரு யூத அறிஞர் 1951-ல் ஷபாத்தைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். புனிதத்தை இடத்தில் தேடாதே, நேரத்தில் தேடுங்கிறதுதான் அதோட சாரம். யோசிச்சா லாஜிக் புரியுது. கோயிலை இடிக்கலாம், கல்லறையை லாரியில் ஏத்தலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை யாரால புல்டோசர் வெச்சுத் தள்ள முடியும்?

கடைசி ஸ்டாப்: லாயிட்ஸ் ரோடு

பாரிமுனை வந்து ராயப்பேட்டைக்கு பஸ் ஏறுங்க. லாயிட்ஸ் ரோடு, அதாவது அவ்வை சண்முகம் சாலை. சீனர் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம். அலைஞ்சு திரிஞ்ச கற்கள் 1983-ல் வந்து சேர்ந்தது இங்கேதான். கேட் பூட்டியிருக்கலாம், அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகணும். சனிக்கிழமை வேண்டாம், யூதர்கள் அன்னிக்குக் கல்லறைக்குப் போக மாட்டாங்க. பசங்க தலையில் ஒரு தொப்பி போட்டுக்குங்க.

கல்லறைக்கு ஹீப்ருவில் ஒரு பேர், ‘பெய்த் ஹஹாயிம்’. அர்த்தம், வாழ்வின் வீடு! பூ வைக்கிறதை விட, ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கல்லறை மேல வைக்கிறதுதான் அவங்க வழக்கம். ‘நான் வந்துட்டுப் போனேன்’னு ஒரு அட்டெண்டன்ஸ் மாதிரி. திரும்பும்போது கையைக் கழுவுவாங்க. எழவு வீட்டுக்குப் போய் வந்தா குளிக்கிற நமக்கு இது புதுசா தெரியாது.

என்னை உலுக்கினது வேற ஒரு விஷயம். செத்தவங்களுக்காக அவங்க சொல்ற ‘கதிஷ்’ங்கிற ஜெபத்தில் சாவைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, முழுக்கக் கடவுளோட புகழ்தான். அதை ஒத்தை ஆளா சொல்லவும் கூடாது. மரபுப்படி பத்து ஆண்கள் கூடணும். பெண்களையும் சேர்த்துக்கிற பிரிவுகளும் இன்னிக்கு இருக்கு. துக்கத்தைத் தனியா சுமக்காதேன்னு ஒரு மதம் சட்டமே போட்டிருக்கு. ‘ஐயாயிரம் ஃப்ரெண்ட்ஸ்’னு பீத்திக்கிற நமக்கு, கூப்பிட்டா வந்து நிக்கிற பத்து பேர் இருக்காங்களா? நான் விரல் விட்டு எண்ணினேன். நாலோட நின்னு போச்சு.

மறுபடியும் சாத்தாங்காடு

இதைப் படிச்சுட்டு யாரும் யூதரா மாறணும்னு அவசியமில்லை. அவங்களும் ஆள் பிடிக்கிறதில்லை. திருவொற்றியூர்க்காரங்களுக்கு வடிவுடையம்மன் சந்நிதிக்குப் போக வெள்ளிக்கிழமை இருக்கு. மண்ணடியில் வெள்ளிக்கிழமை தொழுகை இருக்கு. ராயபுரத்தில் ஞாயிறு பூசை இருக்கு. நாள் எல்லாருக்கும் இருக்கு. அன்னிக்கு நிறுத்துறோமாங்கிறதுதான் கேள்வி.

நான் 25 மணி நேரம்னு வீராப்பா ஆரம்பிச்சேன். தாங்கினது மூணு மணி நேரம்! வெள்ளிக்கிழமை ராத்திரி என் போனை அரிசி டப்பா மேல வெச்சுட்டு, அப்பா போனையும் கெஞ்சிக் கேட்டு வாங்கி அதும் பக்கத்தில் வெச்சேன். முதல் வாரம் ரெண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டோம். செம போர்.

மூணாவது வாரம்தான் அப்பா தானா பேசினார். அவர் முதல்ல வேலைக்குச் சேர்ந்தது சாத்தாங்காட்டில் இல்லையாம். பிராட்வேயில் ஒரு இரும்புக் கடையில் எடுபிடியாம். கடை இங்கே மாறினப்போ அவரும் கூடவே மாறினாராம். ‘அங்கே மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம்டா. இங்கே வந்தப்புறம் அது விட்டுப் போச்சு’ன்னார்.

இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கேன். எனக்கு இது தெரியாது.

இந்த வெள்ளிக்கிழமை நீங்களும் முயற்சி பண்ணிப் பாருங்க. முதல் வாரம் போர் அடிக்கும். விட்றாதீங்க.