காப்பி உண்டு சார்!

புனே லா காலேஜ் ரோடு. 1933-ல் பிரபாத் ஸ்டூடியோ வந்த இடம். 1960 முதல் ஃபிலிம் இன்ஸ்டிடியூட். ரித்விக் கட்டக் மாணவர்களோடு உட்கார்ந்து பேசிய மாமரம் இங்கேதான்.

எந்த ஊர் மாணவர் படமானாலும் நடிகர் பாடு திண்டாட்டம்தான்! அந்த நாளில் 400 அடி 16 எம்.எம். சுருள் 11 நிமிஷம்தான் ஓடும். லைட் வைக்க மூணு மணி நேரம், நடிக்க ஒரே டேக். அழுகை வருவதற்குள் சுருள் தீர்ந்துவிடும்.

இப்போது டிஜிட்டல். சுருளும் தீராது, டேக்கும் தீராது. பதினேழாவது தடவை அழு என்றால் கண்ணீருக்கு எங்கே போவது?

சம்பளம்? 'காப்பி உண்டு சார்!' குடிக்கிற காப்பி வந்துவிடும். படத்தின் காப்பிதான் வராது.

ஆனாலும் கூப்பிட்டால் போகிறார்கள். தப்புப் பண்ணிப் பழக அந்தப் பையனுக்கும் ஒரு முகம் வேண்டாமா?